சி.பி.எஸ், டி.பி, ஓ.டி: காடி பற்றிக் கேட்டால் எழுத்துகளாகவே பதில் வருகிறது

பிறைக்காரன் எழுதியது:

இதைப் பல நாளாக எழுத நினைத்திருந்தேன். போன வாரம் ஒருவர் கேட்ட கேள்விக்கு இங்கே வந்த பதில்களைப் பார்த்த பிறகு, எழுதியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

கேட்டவரிடம் இருப்பது 2010 புரோட்டோன் எக்ஸோரா காடி (கார்). இன்ஜின் நன்றாகச் சூடானதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது. பினாங்குப் பாலத்தில், பின்சீட்டில் பிள்ளைகள் இருக்க, அப்படி நின்றிருக்கிறார். அவருக்கு வந்த முதல் பதில்: "சி.பி.எஸ் போச்சு அண்ணே, மாத்துங்க." அடுத்தது: "ஆமாம், சி.பி.எஸ்தான்." அதற்கடுத்தது: "முதல்ல டி.பி கிளீன் பண்ணிப் பாருங்க, அப்புறம் ஐ.எஸ்.சி." அதோடு முடிந்தது. டி.பி எது, ஐ.எஸ்.சி (ஐட்லிங் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சாமான்) எது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த எக்ஸோரா இன்ஜினுக்குப் பெயரே கேம்ப்ரோ சி.பி.எஸ். அங்கே அந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் கேம் புரொஃபைல் சுவிட்சிங். இன்ஜின் வேகமாகச் சுழலும்போது வால்வை இன்னும் உயரமாகத் திறக்க, கேம்ஷாஃப்டில் வேறொரு வடிவத்துக்கு மாற்றிக்கொடுக்கிற அமைப்பு அது. இன்ஜின் மேலேயே, கவரில் எழுதியிருக்கும். பதில் சொன்னவர்கள் மனத்தில் இருந்ததோ கிராங்க் பொசிஷன் சென்சர். கிராங்க்ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னச் சாமான். சூட்டில் அது வேலை செய்யாமல் போனால் எப்போது ஸ்பார்க் கொடுப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, இன்ஜின் அணைந்துவிடும். ஆறினால் மறுபடி வேலை செய்யும். அவர் சொன்ன அறிகுறிக்கு அச்சாகப் பொருந்துகிறது. பதில் சரியான பதில்தான்.

ஆனால் அவர் அடுத்துக் கேட்டது என்ன தெரியுமா? ஹாப்கட் கடையில் (பழைய காடிச் சாமான் விற்கும் கடை) கேம்ப்ரோ இன்ஜின் ஹெட், அதாவது கேம்ஷாஃப்ட் இருக்கும் மேல் பாகம், என்ன விலைக்குக் கிடைக்கும் என்று. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தன் இன்ஜின் கவரில் இருக்கும் எழுத்தைப் படித்தார், அதுதான் போய்விட்டது என்று நினைத்தார். ஒரு சென்சர் மாற்றும் செலவு எங்கே, ஹெட்டைக் கழற்றி மாட்டும் செலவு எங்கே!

இங்கே கேள்வி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் வருகிறார்கள். காடி பழுது, கையில் பணம் கம்மி, நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும். அவர்களிடம் மூன்று எழுத்தை வீசிவிட்டுப் போனால் "அது என்ன?" என்று திரும்பக் கேட்கப் பலருக்குக் கூச்சம். தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு நேரே பட்டறைக்குப் போய் அதே எழுத்தைச் சொல்கிறார்கள். அங்கே இருப்பவர் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்கிறாரோ அதற்குத்தான் பில்.

ஜே.பி.ஜே, ஏ.பி.எஸ் போன்றவற்றை விரித்து எழுதச் சொல்லவில்லை. அவை எல்லோருக்கும் பழகியவை. மற்றவற்றை ஒரே ஒரு முறை, முதலில் வரும் இடத்தில், முழுப் பெயரோடு எழுதுங்கள். அது என்ன வேலை செய்கிறது என்று நாலு வார்த்தை சேருங்கள். எந்தக் காடி, எந்த வருடம் என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.


பாயான் லெப்பாஸ் வாசி எழுதியது:

சொல்வது புரிகிறது. இருந்தாலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. வேலை முடிந்து ஃபோனில் தட்டிப் பதில் சொல்கிறோம், யாரும் காசு கொடுக்கவில்லை. ஒவ்வொரு தொழிலிலும் சுருக்கம் உண்டு. நான் ஃபேக்டரியில் வேலை செய்கிறேன், அங்கே ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தால் முழு வார்த்தையே காதில் விழாது. புதிதாக வருகிறவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் பழகுகிறார்கள். எழுத்தைத் தேடினால் ஒரு நிமிடத்தில் அர்த்தம் வந்துவிடப் போகிறது.


பிறைக்காரன் எழுதியது:

தேடினால் வருவதுதான் சிக்கல், தம்பி. சி.பி.எஸ் எக்ஸோரா என்று தேடிப் பாருங்கள். முதலில் வருவது இன்ஜினின் பெயர். சென்சர் எங்கோ கீழே கிடக்கும். உங்கள் ஃபேக்டரியில் புரியாவிட்டால் பக்கத்துச் சீட்டுக்காரரைக் கேட்கலாம். பாலத்தில் நிற்பவர் யாரைக் கேட்பார்?


பட்டர்வொர்த் ஃபோர்மன் எழுதியது:

பட்டறையில் இருந்து ஒரு வார்த்தை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சுருக்கம் இல்லாமல் எங்களுக்கு வேலை ஓடாது. சாமான் கடைக்கு ஃபோன் போட்டால் நாலு எழுத்தில் சொல்லி முடித்துவிடுவோம். ஆனால் அந்த நேரத்தில் காடி என் கண் முன்னால் நிற்கிறது, எதிர்முனையில் இருப்பவரும் இதே தொழில். நான் டி.பி என்றால் எந்த டி.பி என்று அவருக்குத் தெரியும். இங்கே அப்படி இல்லை.

டி.பி-யையே எடுத்துக்கொள்ளுங்கள். த்ராட்டில் பாடிக்கும் டி.பி, டைமிங் பெல்ட்டுக்கும் டி.பி. த்ராட்டில் பாடி என்பது இன்ஜினுக்குள் போகும் காற்றின் வாசல். கரி படிந்தால் ஐட்லிங், அதாவது காடி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், ஆடும். கிளீனர் அடித்துத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், தள்ளிப்போட்டாலும் காடி ஓடும். டைமிங் பெல்ட் அப்படியில்லை. கேம்ப்ரோ இன்ஜின் உள்ள சாகா, பெர்சோனா, ஜென்2 எல்லாம் பெல்ட் வண்டி. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதன் பிறகு ஹெட்டைத் திறக்காமல் முடியாது. ஒருவர் "உன் சாகாவுக்கு டி.பி செய்ய வேண்டும்" என்று சொல்ல, கேட்டவர் கேன் கிளீனர் வாங்கி அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தால் என்ன ஆகும்?

டி.சி இன்னும் மோசம். டிராக்‌ஷன் கன்ட்ரோல், டோர்க் கன்வெர்ட்டர், டைமிங் செயின், மூன்றையும் ஆட்கள் டி.சி என்று எழுதுகிறார்கள். டொயோட்டாவின் சி.வி.டி கியர்பாக்ஸ் எண்ணெய் ஒன்றுக்கு டி.சி என்றே பெயர் உண்டு. டாஷ்போர்டில் விளக்கு எரிந்தால் ஒரு டி.சி, கியர் விழும்போது அதிர்ந்தால் ஒரு டி.சி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் வந்தால் இன்னொரு டி.சி.

நாம் தமிழில் எழுதுகிறோம் என்பதையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் வேறு வேறாக இருக்கும் T, D இரண்டும் நம் எழுத்தில் ஒரே டி. P, B இரண்டும் அப்படித்தான், ஒரே பி. மின்காடி வைத்திருப்பவர்கள் பேசும் டைரக்ட் கரண்ட் சார்ஜரும் நம் எழுத்தில் டி.சி-தான். ஆங்கிலத்தில் படிக்கும்போது கிடைக்கிற அந்தக் கொஞ்சம் வித்தியாசமும் நமக்குக் கிடையாது. ஆகவே நாம் மற்றவர்களைவிடக் கூடுதலாக விரித்து எழுத வேண்டியவர்கள்.

இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருந்ததால்தான் எஸ்.ஏ.இ என்ற பொறியாளர் சங்கம் ஜே1930 என்று ஒரு தரம் வைத்தது. எந்தச் சாமானுக்கு எந்தப் பெயர், எந்தச் சுருக்கம் என்று அதில் இருக்கிறது. அதன்படி கிராங்க் சென்சர் சி.கே.பி, கேம் சென்சர் சி.எம்.பி. நல்ல ஸ்கேனர்களில் இப்படித்தான் வரும். சி.பி.எஸ் என்று எழுதினால் இந்த இரண்டில் எது என்றுகூடத் தெரியாது. எக்ஸோரா நண்பருக்கு நான் சொல்வது: ஸ்கேனர் போட்டுப் பாருங்கள், பி0335 என்று கோடு (பழுதுக் குறியீடு) வந்தால் கிராங்க் சென்சர் சர்க்யூட்டில் பிரச்சினை. அதிலும் உடனே சென்சர் வாங்கிவிடாதீர்கள், முதலில் வயரையும் கனெக்டரையும் பாருங்கள். கோடே வராமல் இப்படி அணைவதும் உண்டு, அப்போது சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும்.


ஜெலுத்தோங் அக்கா எழுதியது:

எனக்கு இன்ஜின் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த எழுத்து விவகாரத்தில் பட்டவள் நான்.

சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த வேன் என் காடியை இடித்தது. தப்பு முழுக்க அந்த வேன்காரருடையது, போலீசும் அப்படித்தான் முடிவு செய்தது. இழுவை வண்டியோடு வந்த ஆள் "ஓ.டி போட்டுடலாம்கா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். படிவத்தை நீட்டினார், கையெழுத்துக் கேட்டார். என் தங்கை மகன் பக்கத்தில் இருந்ததால், "எந்த ஓ.டி? கே.எஃப்.கே-யா?" என்று கேட்டான். அந்த ஆள் பேச்சையே மாற்றிவிட்டார்.

அப்புறம்தான் எனக்கு விளக்கினான். ஓ.டி என்றால் ஓன் டேமேஜ், என் இன்சூரன்சில் நானே செய்யும் கிளைம். அதைச் சும்மா போட்டால் என் என்.சி.டி, அதாவது கிளைம் செய்யாமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடி, பூஜ்யத்துக்குப் போய்விடும். அஞ்சு வருஷம் கிளைம் இல்லாமல் ஓட்டினால்தான் அது 55 சதவீதத்துக்கு வரும். 1000 ரிங்கிட் பிரீமியத்துக்கு 450 கட்டிக்கொண்டிருந்தவள், அடுத்த வருஷம் முழு 1000 கட்ட வேண்டும். ஓ.டி கே.எஃப்.கே என்றால் நாக் ஃபார் நாக். இதுவும் என் இன்சூரன்ஸ் வழியாகத்தான் போகிறது, ஆனால் தப்பு மற்றவருடையது என்பதால் என் தள்ளுபடி அப்படியே இருக்கும். அதற்கு முழுக் காப்புறுதி (காம்பிரிஹென்சிவ்) இருக்க வேண்டும், இடித்த வண்டி எது என்று தெரிய வேண்டும், அதற்கும் இங்கே இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், போலீஸ் புகார் 24 மணி நேரத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டு எழுத்துக்குப் பின்னால் இன்னும் மூன்று எழுத்து இருக்கிறது என்று யார் நமக்குச் சொல்வது? நடுரோட்டில், கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது, அதைத் தேடிப் பார்க்கச் சொல்கிறீர்களா தம்பி?


பாயான் லெப்பாஸ் வாசி எழுதியது:

இல்லை அக்கா, அந்த நிலைமையில் தேடச் சொல்ல மாட்டேன். அது வேறு. அங்கே ஒருவர் வேண்டுமென்றே மறைத்தார். இங்கே பதில் சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள் என்பதுதான் என் பேச்சு.


ஜெலுத்தோங் அக்கா எழுதியது:

நல்ல எண்ணம்தான், நான் மறுக்கவில்லை. கேட்கிறவருக்குப் புரியாவிட்டால் இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது.

இன்னொன்று. ஓ.டி பற்றி நான் இங்கே தேடியபோது எனக்குக் கிடைத்தது "பாலிக் புலாவ் இறக்கத்தில் ஓ.டி ஆஃப் பண்ணுங்க" என்று யாரோ எழுதியது. அது என்ன?


பட்டர்வொர்த் ஃபோர்மன் எழுதியது:

அது ஓவர்டிரைவ், அக்கா. பழைய நாலு கியர் ஓட்டோ (ஓட்டோமேட்டிக்) காடிகளில் கியர் லீவர் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் டாஷ்போர்டில் ஓ.டி ஆஃப் என்று விளக்கு எரியும், கியர் மூன்றுக்கு மேல் ஏறாது. மலை இறக்கத்தில் இன்ஜினே காடியைப் பிடித்து நிறுத்த உதவும், பிரேக் சூடேறாது. தெலுக் பஹாங்கில் இருந்து பாலிக் புலாவ் போகும் அந்த வளைவு ரோட்டில் உபயோகமானது. இன்சூரன்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.


கப்சாய் எழுதியது:

மோட்டார் (மோட்டார் சைக்கிள்) ஓட்டுகிறவர்களுக்காக ஒன்று. "5டபிள்யூ-30 எஸ்.பி போடு, சூப்பர்" என்று அறிவுரை சொல்கிறார்கள். எஸ்.பி என்பது பெட்ரோல் இன்ஜின் எண்ணெய்க்கு ஏ.பி.ஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு கொடுக்கும் தர எழுத்து. காடிக்கு நல்ல எண்ணெய்தான். ஆனால் ஒய்15, ஆர்.எஸ்150 மாதிரி மோட்டாரில் கிளட்ச் அதே எண்ணெயில் முங்கி இருக்கிறது. காடி எண்ணெய் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பார்கள், அதில் கிளட்ச் வழுக்கும். போத்தலில் ஜாசோ (ஜப்பானியத் தரம்) எம்.ஏ அல்லது எம்.ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். எம்.பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு. ஒரு எழுத்து மாறினால் ஏற்றத்தில் மோட்டார் உறுமும், இழுக்காது.


செபராங் ஜெயா எழுதியது:

பழைய காடி வாங்கப் போகிறவர்களுக்கு வேறு மாதிரிக் குழப்பம். ஒரே பொருளுக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர். வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து காடியை நேராக்கும் அமைப்பு, பொதுப் பெயர் இ.எஸ்.சி. டொயோட்டாவும் பெரோடுவாவும் வி.எஸ்.சி என்பார்கள். ஹோண்டாவில் வி.எஸ்.ஏ, நிசானில் வி.டி.சி, மஸ்டாவில் டி.எஸ்.சி, மெர்சிடிசில் இ.எஸ்.பி. "இதில் வி.எஸ்.சி இல்லையே" என்று ஒரு நல்ல ஹோண்டாவை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவரை எனக்குத் தெரியும்.

பெரோடுவா மைவியில் பி.சி.பி இருக்கிறதா என்று கேட்டால் என் அப்பாவுக்கு ஞாபகம் வருவது சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற வருமான வரி. மலேசியாவில் வேலை பார்த்த யாருக்கும் அதுதான் ஞாபகம் வரும். காடியில் அது முன்னால் இருக்கும் வண்டியில் மோதாமல் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதி.


தீவு மின்காடி எழுதியது:

ஃபோர்மன் அண்ணே டி.சி பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். மின்காடிப் பக்கம் இதைவிட அவசரம், ஏனென்றால் எல்லோருமே புதியவர்கள்.

புதிதாக வாங்கிய ஒருவர், தினமும் எத்தனை சதவீதம் சார்ஜ் செய்யலாம் என்று கேட்டார். ஒருவர் "100 போடு, எல்.எஃப்.பி-தானே" என்றார், இன்னொருவர் "80-க்கு மேலே வேண்டாம்" என்றார். இரண்டு பேரும் சண்டை. இரண்டு பேரும் சொன்னது அவரவர் காடிக்குச் சரி. எல்.எஃப்.பி என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. பி.ஒய்.டி அட்டோ 3-ல் இருப்பது அது. அந்த வகைக்கு அவ்வப்போது முழுதாகச் சார்ஜ் செய்யச் சொல்லிக் கம்பெனிகளே சொல்கின்றன, அப்போதுதான் மீதி எவ்வளவு என்று மீட்டர் சரியாகக் காட்டும். என்.எம்.சி என்றால் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது. அதைத் தினமும் நிரம்ப நிரம்ப வைத்தால் ஆயுள் குறையும், அதனால்தான் 80 என்பார்கள். உங்கள் காடியில் எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள், அதில் சொன்ன அளவை வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவருக்கு முதலில் வேண்டியிருந்தது இந்த விளக்கம். சண்டை முடியும்வரை யாரும் அதைச் சொல்லவில்லை.

கிலோவாட், கிலோவாட் மணி இரண்டையும் கே.டபிள்யூ என்றே எழுதுவதையும் விடுங்கள். முன்னது சார்ஜர் எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறது என்பது. பின்னது பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பது.


பாயான் லெப்பாஸ் வாசி எழுதியது:

சரி, ஒன்று ஒத்துக்கொள்கிறேன். காடி, வருடம் இரண்டையும் கேட்காமல் பதில் சொல்வது தப்பு. சுருக்கத்தைவிட அதுதான் பெரிய பிரச்சினை என்று நினைக்கிறேன். எழுத்தை விரித்தாலும், தப்பான காடிக்கு விரித்தால் என்ன பயன்? ஆனால் எல்லாவற்றையும் விளக்கி எழுதச் சொன்னால் பதில் சொல்ல ஆள் குறைந்துபோகும் என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.


பிறைக்காரன் எழுதியது:

அந்தக் கவலை நியாயம்தான். அதனால்தான் முதல் தடவை மட்டும் என்று கேட்டேன். "கிராங்க் சென்சர், இன்ஜின் சுழற்சியைப் பார்ப்பது" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுத நேரமில்லாதவர் சுருக்கமாகப் போட்டால், அடுத்து வருகிற நாம் யாராவது கீழே விரித்துவிடுவோம். கேட்டவரைக் குறை சொல்லாமல் செய்வோம்.


பிறந்தது ஜூரு எழுதியது:

அண்ணன்மார்களே, இங்கேயே ஒரு கேள்வி கேட்கலாமா? இதைப் படித்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அம்மாவின் புரோட்டோன் சாகா, 2018, ஓட்டோ. கியர் எண்ணெய் மாற்றப் போனேன். கடையில் "ஏ.டி.எஃப்தானே, இருக்கு, போட்டுடலாம்" என்கிறார்கள். சாகா எல்லாமே ஏ.டி.எஃப் என்கிறார்கள். நாளைக் காலையில் காடியை விட வேண்டும். சரிதானா?


பட்டர்வொர்த் ஃபோர்மன் எழுதியது:

நிறுத்துங்கள் தம்பி, போட வேண்டாம்.

ஏ.டி.எஃப் என்றால் ஓட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃபுளூயிட். டோர்க் கன்வெர்ட்டரும் பல்சக்கரங்களும் உள்ள சாதாரண ஓட்டோ கியர்பாக்சுக்கான எண்ணெய். உங்கள் அம்மாவின் காடியில் இருப்பது சி.வி.டி. அதில் படிப்படியான கியர் கிடையாது. இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பெல்ட் ஓடுகிறது. அந்தப் பெல்ட் புல்லியை இறுகப் பிடிக்க வேண்டும், அதற்கென்று செய்த எண்ணெய் வேறு. சாதாரண ஏ.டி.எஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கும், புல்லியில் கோடு விழும், அதன் பிறகு கியர்பாக்சையே மாற்ற வேண்டிவரும்.

கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். 2016-ல் வந்த இந்தச் சாகா சி.வி.டி-யோடு வந்தது. 2019 ஆகஸ்டில் முகம் மாற்றிப் புதிதாக விட்டபோது கியர்பாக்சை ஹுண்டாயின் நாலு கியர் ஓட்டோவாக மாற்றிவிட்டார்கள். அதற்கு ஏ.டி.எஃப்தான். வெளியில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காடி. 2019-ல் பதிவான சாகா வைத்திருப்பவர்கள் கிராண்டில் (காடியின் பதிவுச் சான்றில்) இருக்கும் வருடத்தை மட்டும் நம்பாதீர்கள், அந்த வருடத்தில் இரண்டு வகையும் ரோட்டுக்கு வந்தது. உங்களுடையது 2018 என்பதால் அந்தச் சந்தேகம் இல்லை.

நாளைக்குப் போகும்போது "கியர் எண்ணெய்" என்று சொல்லாதீர்கள். "2018 சாகா, சி.வி.டி கியர்பாக்ஸ், கையேட்டில் எழுதியிருக்கும் சி.வி.டி எண்ணெய்" என்று முழுதாகச் சொல்லுங்கள். கையேட்டுப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துக் கையில் வைத்திருங்கள். ஊற்றுவதற்கு முன் டப்பாவைக் காட்டச் சொல்லி, பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். கையேடு இல்லையென்றால் டப்பாவை நாலு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள். காலை எட்டு மணிக்குப் பட்டறை திறப்பேன், அதற்கு முன்னால் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.